போற்றுதலும் பேணுதலும்: தமிழ்க் கிறித்தவத் துதி மரபில் ஓர் அறவினா

முன்னுரை

புகழ்ச்சி புகழப்படுவோர்க்குப் பயன் தருவது. பாடாண் திணைப் பாடல்களில் புலவன் அரசனின் கொடையையும் வென்றியையும் பாடினான். அரசன் பரிசில் நல்கினான். இருவர்க்கும் அதனால் ஊதியம் உண்டு. இறைவனைப் புகழ்வதில் இக்கணக்குப் பொருந்துவதில்லை. எல்லாம் நிறைந்த கடவுளுக்கு மனிதனின் புகழ்மொழி எதையும் கூட்டுவதில்லை. அது இல்லாமற் போயினும் அவனுக்குக் குறைவதொன்றுமில்லை. அவ்வாறாயின் துதி யார்பொருட்டு? நாள்தோறும் துதிப்பவனின் வாழ்வில் அது எதனை மாற்ற வேண்டும்? வேதநாயகம் என்னும் ஒரே பெயர் தாங்கிய இரு கிறித்தவப் பாவலர்களை முன்வைத்து இவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொல்லும் பொருளும்

'துதி' என்பது வடசொல். புகழ்மொழி என்ற அளவில் அதன் பொருள் நிறைவுறுகிறது. தமிழில் வழங்கும் 'போற்று' என்னும் வினையோ விரிந்த பொருட்பரப்பு உடையது. புகழ்தல், வணங்குதல் ஆகிய பொருள்களோடு பாதுகாத்தல், பேணுதல் ஆகிய பொருள்களும் அதற்கு உண்டு. தெய்வத்தையும் போற்றுகிறோம், குழந்தையையும் போற்றி வளர்க்கிறோம். நெய்தற்கலிப் பாடல் ஒன்று போற்றுதலுக்கு இலக்கணம் கூறுமிடத்து, சேர்ந்தவரைப் பிரியாதிருத்தலையே அதன் பொருளாகக் காட்டுகிறது. நாவின் செயலும் கையின் செயலும் ஒரே சொல்லுக்குள் அடங்கியிருப்பது எண்ணத்தக்கது.

விவிலியச் சிந்தனையும் இதற்கு அணுக்கமானது. நீதியற்ற மக்களின் பாடலோசையைக் கடவுள் வெறுக்கிறார் என ஆமோஸ் இறைவாக்கினர் முழங்கினார். இறைவனைத் துதிக்கும் அதே நாவால் இறைச்சாயலில் படைக்கப்பட்ட மனிதனைச் சபிப்பது தகாது என்பது யாக்கோபு திருமுகத்தின் கருத்து. உண்பதும் பருகுவதும் உட்பட எதைச் செய்தாலும் கடவுளின் மாட்சிக்கெனச் செய்யுமாறு கொரிந்தியர்க்கு எழுதிய பவுல், அதே திருமுகத்தில் அவர்களுடைய திருவிருந்தைக் கடிந்துகொள்கிறார். வசதியுடையோர் முந்தி உண்ண, இல்லாதோர் பசியோடிருக்கும் விருந்து ஆண்டவரின் விருந்தன்று என்பது அவர் தீர்ப்பு. வழிபாட்டுக்கும் அன்றாட உணவுக்கும் இடையே அவர் சுவர் எழுப்பவில்லை.

தஞ்சை வேதநாயக சாஸ்திரியார்

தமிழ்க் கிறித்தவ இசைப்பாடல் மரபில் தஞ்சை வேதநாயக சாஸ்திரியாருக்கு (1774–1864) முதன்மையான இடம் உண்டு. ஜெர்மானிய மறைத்தொண்டர் சுவார்ட்சிடம் பயின்ற அவர், பெத்லகேம் குறவஞ்சி முதலிய நூல்களை இயற்றினார். அவர்தம் பாடல்கள் இன்றளவும் திருச்சபைகளில் பாடப்பட்டு வருகின்றன.

பின்வந்த மறைத்தொண்டர்களோடு அவர் முரண்பட்டார். அம்முரண்பாட்டில் இரு வேறு கூறுகள் உள்ளன. தமிழிசைப் பாடல்களையும் மண்ணுக்குரிய விழா வழக்கங்களையும் வழிபாட்டினின்று விலக்க முற்பட்டபோது அவர் எதிர்த்தார். ஒரு மக்கள் தம் மொழியாலும் இசையாலும் இறைவனைப் போற்றும் உரிமைக்காக எழுந்த குரல் அது. அதன் நியாயத்தை மறுக்க இயலாது. ஆனால், 1829ஆம் ஆண்டளவில் அவர் எழுதிய எழுத்துகள் வழிபாட்டில் சாதி வேறுபாட்டைக் கைக்கொள்ளும் வழக்கத்திற்காகவும் வாதாடின. சாதி உலகியல் ஆசாரமேயன்றி விசுவாசத்தைத் தொடுவதன்று என்பது அவர் தரப்பு. கல்கத்தாப் பேராயர் தானியேல் வில்சன் 1833இல் திருச்சபைக்குள் சாதி வேறுபாடு ஒழிய வேண்டுமெனப் பணித்தபோது தஞ்சைப் பகுதியில் கடும் எதிர்ப்பு எழுந்தது.

அவர் பாடல்களின் பக்தி போலியானதன்று. போலியாயின் வினா எளிதாகிவிடும். கபடம் என்று கூறி அமையலாம். மெய்யான பக்தியும் அருகமர்ந்தவனை விலக்கும் மனமும் ஒருவரிடமே ஒருங்கே இருக்கக்கூடும் என்பதே இங்கு எதிர்கொள்ள வேண்டிய உண்மை. சாதியை 'உலகியல்' என்று ஒதுக்கியபோது, துதி நுழையாத ஓர் அறை வாழ்வினுள் உண்டாயிற்று.

மாயூரம் வேதநாயகம் பிள்ளை

கத்தோலிக்கரான மாயூரம் வேதநாயகம் பிள்ளை (1826–1889) முன்சீப் பணியாற்றியவர். 1859இல் வெளிவந்த அவருடைய நீதிநூல் கைக்கூலி முதலிய தீமைகளைக் கண்டிக்கிறது. நீதிமன்ற இருக்கையில் அமர்ந்த ஒருவர் எழுதியதால் அக்கண்டனம் அவரையே முதலில் பிணிக்கிறது. 1876–78ஆம் ஆண்டுகளின் பெரும் பஞ்சத்தில் அவர் தம் பொருளை ஈந்து பசித்தோரைக் காத்தார். அக்கொடையைக் கண்ட கோபாலகிருஷ்ண பாரதியார் அவரைப் பாராட்டிப் பாடினார். 1878இல் வெளிவந்த சர்வ சமய சமரசக் கீர்த்தனை எச்சமயத்தாரும் பாடத்தக்க துதிகளைக் கொண்டது. பஞ்சம் தீர இறைவனிடம் முறையிடும் பாடலும் அவருடையது. இறைவனிடம் கேட்டதைத் தம்மால் இயன்ற அளவில் அவரே செய்யவும் முற்பட்டார். போற்றுதலின் இரு பொருள்களும் இங்கு ஒன்றுபடுகின்றன.

ஒரு தடையும் விடையும்

நற்செயலே துதியாயின், பாடலும் வழிபாடும் மிகை அல்லவா என ஒரு தடை எழலாம். பெத்தானியாவில் ஒரு பெண் விலையுயர்ந்த நறுமணத் தைலத்தை இயேசுவின் தலையில் ஊற்றினாள். அதனை விற்று ஏழைகளுக்குக் கொடுத்திருக்கலாமே என்று சிலர் முறுமுறுத்தனர். இயேசு அவள் செயலை ஏற்றார். ஏழைகளுக்கு எப்போதும் நன்மை செய்யலாம் என்றும் உடன் கூறினார். துதி பயனைக் கொண்டு அளக்கப்படுவதன்று என்பது இதனாற் பெறப்படும். தன்னினும் மேலான ஒன்றின் முன் நிற்பதாக உணர்பவனே தன்னைப் பிறரினும் மேலானவனாக எண்ணுவதை விடுகிறான். கிறித்தவத் தமிழில் வழங்கும் 'பயபக்தி' என்னும் தொடரில் உள்ள பயம், தண்டனைக்கு அஞ்சும் அச்சம் மட்டுமன்று. தன் அளவை அறிந்த அடக்கமுமாகும். அவ்வடக்கம் வழிபாட்டு நேரத்தோடு முடிந்துவிடுமாயின் அது தொடங்கவே இல்லை எனலாம்.

முடிவுரை

இவ்வினா பழங்கதை அன்று. இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016இல் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கை ஆவணம், திருச்சபைக்குள் தீண்டாமை நிலவுவதை ஒப்புக்கொண்டது. ஒரே பாடலைப் பாடியோர் இறந்தபின் வெவ்வேறு கல்லறைத் தோட்டங்களில் அடக்கப்படும் ஊர்கள் தமிழகத்தில் உள்ளன.

கடவுளுக்குத் துதி தேவையில்லை. துதிப்பவனுக்கே அது தேவை. சாஸ்திரியாரின் பாடல்களைத் தமிழுலகம் தொடர்ந்து பாட வேண்டும். அவை அதற்குத் தகுதியுடையன. ஆயின், பாடி முடித்தவர் எழுந்து யார் அருகில் அமர்கிறார், யாரோடு உண்கிறார், யார் வழக்கில் நடுநிலை காக்கிறார் என்பதும் அப்பாடலின் பகுதியே. பேணுதலை நீக்கிய போற்றுதல், சொல்லளவிலும் தன் பாதிப் பொருளை இழந்துவிடுகிறது.