கதவுக்குள் ஒரு கான்

அப்பாவின் மொரிஸ் மைனர் பிக்கப்பில், இடது கதவின் கீழ்விளிம்பை ஒட்டி ஒரு கொப்புளம் எழுந்திருந்தது. உளுந்தளவுதான். நகத்தால் அழுத்தினேன். பெயின்ட் உடைந்து, உள்ளிருந்து செம்பொடி கொட்டியது. விரல் நுனி உள்ளே போயிற்று.

ஐந்து வருடங்களுக்கு முன்புதான் அந்த இடத்தைச் செய்வித்திருந்தேன். அன்று செய்தவர் துருவைச் சுரண்டி, பள்ளம் நிரப்பும் கெட்டலோய் பசை பூசி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மேலே நீலம் அடித்துக் கொடுத்தார். கண்ணாடி மாதிரி இருந்தது. நானும் அதை நம்பினேன். கண்ணுக்குத் தெரியாவிட்டால் போய்விட்டது என்று நினைப்பது எவ்வளவு சுகம்!

மைனர் 1948இல் லண்டன் கார் கண்காட்சியில் அறிமுகமானது. அலெக் இசிகோனிஸ் வடிவமைத்தது. அதன் பிக்கப் 1953இல் வந்தது. பாரம் ஏற்றுவதற்காகக் காருக்கு இல்லாத தனிச் செசியை இதற்குக் கொடுத்தார்கள். 1970களின் தொடக்கத்தில் தயாரிப்பு நின்றுவிட்டது. நம் இலங்கையிலோ அது ஓடிக்கொண்டே இருந்தது. வாகன இறக்குமதிக்குப் பூட்டுப் போட்ட காலங்கள் நமக்குப் பழக்கம். கடைசியாக 2020இல் போட்ட பூட்டு தனியார் கார்களுக்கு 2025இல்தான் திறந்தது. இருப்பதைக் காப்பாற்றியே கை தேர்ந்தவர்கள் நம் டிங்கரிங் பாஸ்மார். மைனரின் சொந்த நாடான பிரித்தானியாவின் பழைய வண்டிகளுக்கே இலங்கையில் தகடு அடித்து அனுப்பிய காலமும் உண்டு. அதை நினைத்தால் எனக்கு நெஞ்சு நிறையும்.

இம்முறை அப்படியொரு பாஸ் வீட்டுக்கே வந்தார். கதவைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போனார். நல்ல தகடு கணீரென்றது. கெட்டலோய் இருந்த இடம் பூசணிக்காயைத் தட்டியது போல் மந்தமாக ஒலித்தது. ஓசை மாறிய இடமெல்லாம் சோக்கட்டியால் கோடு. முடிவில் என் உளுந்தைச் சுற்றி ஒரு முழ நீளக் கோடு நின்றது.

"இவ்வளவும் வெட்டணுமா பாஸ்?"

"வெட்டத்தான் வேணும் தம்பி. துருவுல வெல்டிங் நிக்காது. நல்ல தகடு வர்ற வரைக்கும் போகணும்."

வெட்டினார். ஓட்டை பெரிதாகப் பெரிதாக என் வயிறு கலங்கியது. ஒரு கதவு கண்ணெதிரே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. அவர் முகத்திலோ நிம்மதி. இனித் துரு எங்கே முடிகிறது, இரும்பு எங்கே தொடங்குகிறது என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது.

கதவின் வயிற்றைத் திறந்து காட்டினார். கார்க் கதவுக்குள் மழைநீர் போகும், போகத்தான் செய்யும். கண்ணாடி ஓரமாக இறங்கி, உட்புறம் வழிந்து, அடியிலுள்ள சின்னத் துளைகளால் வெளியேறும். அப்படித்தான் அதைச் செய்திருக்கிறார்கள். எங்கள் கதவில் இருந்த இரண்டு துளைகளையும் பழைய கெட்டலோய் அடைத்திருந்தது. உள்ளே கையளவு சேறு. அதற்குள் அப்பா காலத்துத் தேயிலைத் தூசி. வெளித்தகடு உள்தகட்டின்மேல் மடிந்திருக்கும் அந்த இடுக்கில் ஈரம் ஐந்து வருடம் குடியிருந்திருக்கிறது. இரும்பு துருவாகும்போது முன்னைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். இடம் கிடைக்காவிட்டால் மடிப்பையே பிளந்துகொண்டு வெளியே வரும். நான் கண்ட கொப்புளம் அதுதான்.

அந்தச் சேற்றைக் கையில் ஏந்தி நின்றபோது அப்பாவின் குரல் கேட்டது. தேயிலைத் தோட்டத்தில் அவர் முதலில் செய்த வேலை கான் வெட்டுவது. மலைச்சரிவில் மழைநீர் மண்ணை அள்ளிக்கொண்டு போகாமலும், தேங்கி வேரை அழுகவைக்காமலும், அதற்கு ஒரு பாதை வெட்டிவிடும் வேலை. எங்கள் லயத்தின் பின்சுவர் எந்நேரமும் ஓதம் காத்து நிற்கும். பெரியவர்கள் யாராவது பார்க்க வருகிறார்கள் என்றால் சுண்ணாம்பு அடிப்பார்கள். இரண்டு மாதத்தில் சுவர் பழையபடி கறுத்துவிடும். "பின்னால கான் வெட்டாம எத்தன வாட்டி வெள்ள அடிச்சாலும் அந்தச் சுவரு அழத்தான் செய்யும்" என்பார் அப்பா. வெள்ளை அடித்தவர்களை அவர் திட்டியதில்லை. விடுமுறை நாளில் மண்வெட்டியோடு லயத்துக்குப் பின்னால் போய்விடுவார்.

எங்கள் பள்ளத்தாக்கில் மழைக்குக் குறை வைத்ததே இல்லை. மேலே வட்டவளையில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றரையும் தாண்டும். இன்னும் மேலே பெய்யும் மழை காசல்றீ, மவுசாக்கலை நீர்த்தேக்கங்களில் தேங்கி, சுரங்கங்களிலும் குழாய்களிலும் இறங்கி, மலைக்கு மலை மின்சாரம் கொடுத்துக்கொண்டே வந்து, எங்கள் பொல்பிட்டிய மின் நிலையத்தில் சுழலிகளைச் சுற்றுகிறது. 1969 முதல் சுற்றுகிறது. கெசல்கமுவ ஓயாவும் மஸ்கெலியா ஓயாவும் கூடிக் களனி கங்கையாவதும் இங்கேதான். பாதை கிடைத்த மழை கொழும்பு வரை விளக்கேற்றுகிறது. அதே மழையில் ஒரு கை நீர், பாதை அடைபட்டதால், அப்பாவின் கதவைத் தின்றுவிட்டது. இத்தனை வருடம் நான் மழையைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். வண்டியை நனைய விடக் கூடாது என்று தார்ப்பாய் போட்டு மூடி, அந்த ஈரத்தையும் உள்ளேயே பூட்டி வைத்திருக்கிறேன்.

பாஸ் புதுத் தகட்டை வெட்டி, மடித்து, பொருத்தினார். ஒரே இழுப்பில் ஒட்டினால் சூட்டில் தகடு நெளியும். இங்கே ஒரு பொட்டு, அங்கே ஒரு பொட்டு, ஈரத்துணி ஒற்றி ஆறவிட்டு மறுபடி. அரைநாள் போனது. பிறகு பின்னால் இரும்புக் கட்டையை அண்டக்கொடுத்து முன்னாலிருந்து மெல்லத் தட்டினார். கெட்டலோய் கடைசியில் ஒரு மெல்லிய பூச்சுதான். உட்புறத்துக்கும் ரெட் ஒக்சைட் அடித்தார். எல்லாம் முடிந்ததும் துளைக்கருவியை எடுத்து, நான் பதறப் பதற, அந்தப் புத்தம்புதுத் தகட்டின் அடியில் இரண்டு ஓட்டை போட்டார்.

அன்று பின்னேரமே மழை பிடித்தது. தார்ப்பாயை எடுக்கப் போன கையை இழுத்துக்கொண்டேன். முற்றத்தில் குந்தி, கதவின் அடியையே பார்த்துக்கொண்டிருந்தேன். கூரை நனைந்தது, கண்ணாடி நனைந்தது. கீழே மட்டும் நெடுநேரம் ஒன்றுமில்லை. பிறகு முதல் துளையில் ஒரு சொட்டு திரண்டு நின்று, விழுந்தது.