இயற்கைத் தெரிவும் மனிதக் கடமையும்

நோய்க்கிருமி தான் குடியிருக்கும் விருந்து வழங்கியைக் கொன்றொழிப்பின் தானும் அழியும். ஆதலின் காலப்போக்கில் அது தானாகவே தணிந்துவிடும் என்னும் கருத்து நெடுங்காலமாக நிலவிவருவதாகும். 2020ஆம் ஆண்டிற் கொவிட் பரவியபோதும் இக்கருத்துப் பலருக்கு ஆறுதலளித்தது. நோயைப் பரவவிட்டுப் பொறுத்திருத்தலே விவேகம் என்ற முடிபையும் சிலர் இதனின்று பெற்றனர். இம்முடிபு ஏற்புடையதா என்பது ஆராயற்பாலது.

இக்கருத்திற்குச் சான்றாகப் பெரிதும் எடுத்துக்காட்டப்படுவது அவுஸ்திரேலிய முயல்களின் வரலாறாகும். மேய்ச்சல் நிலங்களை அழித்த முயல்களைக் கட்டுப்படுத்தும் பொருட்டு 1950இல் அங்கு மிக்சோமா வைரசு பரப்பப்பட்டது. நுளம்புகளாற் காவப்பட்ட அவ்வைரசு, தொடக்கத்தில் தொற்றுற்ற முயல்களுள் நூற்றுக்கு 99இற்கு மேற்பட்டவற்றைக் கொன்றது. சில ஆண்டுகளுள் உக்கிரம் குறைந்த வகைகள் மேலோங்கின. பிராங் பெனரும் அவர்தம் உடனாய்வாளரும் இம்மாற்றத்தை அளந்து பதிந்தனர்.

1982இல் றோய் அன்டர்சன், றொபேர்ட் மே ஆகிய இருவரும் இத்தரவுகளைக் கணித மாதிரியுரு ஒன்றினூடாக நோக்கினர். கிருமிவகை ஒன்றின் வெற்றி, ஒரு விருந்து வழங்கியிடமிருந்து எத்தனை புதிய தொற்றுகள் தோன்றுகின்றன என்பதிலேயே தங்கியுள்ளது. உக்கிரம் மிகின் விருந்து வழங்கி விரைவில் இறக்கும். மிகக் குறையின் உடல் கிருமியை விரைவில் வெல்லும். இரண்டினாலும் பரவுங்காலம் குறுகுதலின், இடைநிலை வகையே நிலைபெறும். அவ்விடைநிலை வகைகளும் ஆய்வுகூட முயல்களுள் நூற்றுக்கு 70 முதல் 95 வரை கொல்ல வல்லனவாயிருந்தன என்பது ஈண்டு நோக்கற்பாலது. இயற்கைத் தெரிவு சாந்தத்தை நாடுவதன்று. பரவலுக்கு உதவுவதையே அது பேணும். பரவல் முடிந்த பின்னரே இறப்பு நேருமாயின், உக்கிரத்தைத் தணிக்கும் விசை மிகக் குறைவு. கொவிட் நோயிற் பரவலின் பெரும்பகுதி உயிராபத்து நேருமுன்னரே நிகழ்ந்துவிடுகின்றது. 2021இற் பரவிய டெல்ரா வகை முன்னையவற்றினும் கடுமையாயிருந்தது.

இனி, தணிதல் நேரினும் அதன் விலையைக் கொடுத்தவர் யாவர் என்ற வினா எஞ்சுகின்றது. முயலினம் நாளடைவில் எதிர்ப்பாற்றல் பெற்றமை உண்மை. ஆயின், அவ்வாற்றல் குன்றியவை மாண்டமையாலேயே எஞ்சியவற்றின் சந்ததி அதனைப் பெற்றது. குடித்தொகை நலமுற்றது என்னும் கூற்றில் எண்ணப்படுவோர் பிழைத்தோர் மட்டுமே. சமன்பாட்டில் இறப்பு வீதம் ஓர் எழுத்தாக நிற்கின்றது. அதன் பெறுமதி உயரினும் தாழினும் சமன்பாடு கலங்குவதில்லை. அதனைக் கொண்டு முடிபு செய்வோன் அவ்வாறு கலங்காதிருத்தல் இயலாது.

கலாநிதிப் பட்டத்தின் பின் இத்துறையில் ஆய்வை மேற்கொள்ளும் இளம் ஆய்வாளருக்குக் கணிதத்தில் விருப்பு வெறுப்பிற்கு இடமில்லை என்பது முதற்பாடமாகும். அது சரியே, கருணையின் பொருட்டாயினும் விடையை வளைத்தல் அறமாகாது. ஆயினும் எவ்வினாவைத் தொடுப்பது, எவ்விழப்பைக் கணக்கிற் சேர்ப்பது, முடிபு செல்லும் எல்லையை எங்ஙனம் உரைப்பது என்பன அவ்வாய்வாளரின் தெரிவுகளே. இன்னது செய்யின் இன்னது நிகழும் என மாதிரியுரு கூறலாம்; அது நிகழவிடத் தக்கதா என்பதை அது கூறாது. அவ்வினாவிற்கு விடையளிக்கும் பொறுப்பை இயற்கையிடம் ஒப்படைத்துவிட்டு ஒதுங்குதல் மனிதனுக்குத் தகாது.