உரிமம் என்னும் சாட்சியம்

மாலைத் திருப்பலி முடிந்து கோவில் கதவைப் பூட்டும் வேளையில், எங்கள் பங்கைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் என்னைத் தேடி வந்தார். ஒரு நிறுவனத்தில் ஓட்டுநர் வேலைக்கு அவரைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். மாத இறுதிக்குள் ஓட்டுநர் உரிமத்தைக் கொண்டுவந்து காட்ட வேண்டும் என்பது நிபந்தனை. இடைத்தரகர் ஒருவர் ஒரு தொகையைச் சொல்லி, அதைக் கொடுத்துவிட்டால் தேர்வுத் திடலில் பெயருக்கு வந்து நின்றால் போதும் என்றும், மற்றதைத் தாம் பார்த்துக்கொள்வதாகவும் கூறியிருக்கிறார்.

"சாமி, எனக்கு வண்டி ஓட்டத் தெரியும். எல்லாரும் இப்படித்தான் வாங்குறாங்க. நான் மட்டும் பணம் கொடுத்தா அது பாவமா?" என்று கேட்டார்.

நான் வாய் திறக்குமுன் அடுத்த கேள்வியும் வந்தது. "தப்பா நினைக்காதீங்க சாமி. உங்க லைசென்சை நீங்க எப்படி எடுத்தீங்க?"

குருமடத்தில் அறநெறி இறையியல் பயின்ற நாட்களில் சிக்கலான வழக்குகள் பலவற்றை ஆராய்ந்திருக்கிறேன். எந்த வழக்கும் என்னையே கூண்டில் ஏற்றியதில்லை. பல ஆண்டுகளுக்குமுன் நான் கார் ஓட்டும் உரிமம் பெற்றபோது, பயிற்சிப் பள்ளியின் காரிலேயே தேர்வுக்குச் சென்றேன். அத்தகைய கார்களில் பயிற்றுநர் பக்கத்திலும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் இருக்கும். கற்பவரைக் காப்பாற்றுவதற்காக வைக்கப்பட்ட அந்த மிதிகள் அன்று வேறொரு பணியைச் செய்தன. நான் தடுமாறிய இடத்தில் பக்கத்திலிருந்தவரின் கால் மிதித்தது. ஆய்வாளர் வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். வண்டி என் காலுக்குக் கட்டுப்படவில்லை என்பது எனக்குத் தெரிந்தே இருந்தது. இறங்கியதும் பயிற்றுநருக்கு நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டேன். பிறகு எந்தப் பாவசங்கீர்த்தனத்திலும் அதை நான் சொன்னதில்லை. பாவம் என்றே தோன்றவில்லை.

இதை அவரிடம் மறைக்காமல் சொன்னேன். ஆகவே இனி எழுதப்போவது, தவறியவன் தன் தவற்றையும் சேர்த்து ஆராய்ந்து கண்டவை என்றே வாசகர்கள் கொள்ள வேண்டுகிறேன்.

முதலில், அரசு நம்மிடம் கேட்பது என்ன? 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி உரிமமின்றிப் பொதுச்சாலையில் வண்டி ஓட்டலாகாது. தொடக்கத்தில் கிடைப்பது பழகுநர் உரிமம். அது ஆறு மாதம் செல்லும். அதைப் பெற்று 30 நாட்கள் கழிந்த பின்னரே செய்முறைத் தேர்வுக்குச் செல்லலாம். அத்தேர்வில் எவற்றைச் சோதிக்க வேண்டும் என்பதை 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 15-ஆம் விதி வரிசையாகக் கூறுகிறது. பின்புறம் காட்டும் கண்ணாடியைச் சரிசெய்துகொள்ளுதல், பின்னோக்கிச் செலுத்துதல், ஆபத்து வேளையில் விரைந்து நிறுத்துதல், செங்குத்தான ஏற்றத்தில் நிறுத்திய வண்டியைப் பின்னால் உருளவிடாமல் மீண்டும் கிளப்புதல் ஆகியன அவற்றுள் சில. தேறாதவர் ஏழு நாட்கள் கழித்து மறுபடியும் வரலாம். மும்முறை தவறியவர் 60 நாட்கள் காத்திருக்க வேண்டும். கையும் காலும் கண்ணும் ஒன்றுபட்டு இயங்கும் பழக்கம் ஓரிரவில் அமைவதில்லை என்ற அனுபவம் இந்த நாட்கணக்கில் பொதிந்திருக்கிறது.

இனி இளைஞரின் வாதத்துக்கு வருவோம். பழைய அறநெறி நூல்கள் இருவகைக் கொடுத்தலைப் பிரித்துக் காட்டும். தனக்கு நியாயமாக உரியதைத் தடுத்து வைத்திருப்பவனிடமிருந்து அதை மீட்கப் பணம் கொடுப்பவன் ஒருவன். தனக்கு உரிமையில்லாததைப் பெறுவதற்காகப் பணம் கொடுப்பவன் மற்றொருவன். முன்னவன் பெரும்பாலும் பறிக்கப்பட்டவன். பின்னவன் பறிப்பதில் பங்காளி. "எனக்கு ஓட்டத் தெரியும்; ஆகவே உரிமம் எனக்கு உரியது; தரகர் என்னிடம் பறிக்கிறார்" என்று சொல்லி நம் இளைஞர் முதல் வகையில் இடம் கேட்கிறார்.

ஆனால் அவருக்கு இப்போது உரியது எது? தேர்வு ஒன்றே. நேர்மையாகச் சோதிக்கப்படும் உரிமை அவருக்கு உண்டு. தேர்வில் தேறிய பின்னரே உரிமம் அவருக்கு உரியதாகும். தேறியவரிடம் உரிமத்தைத் தராமல் அலைக்கழித்துப் பணம் கேட்டால் அது பறிப்பு; அங்கே கொடுப்பவரின் குற்றம் மிகக் குறைவு. தேர்வையே தவிர்ப்பதற்காகக் கொடுக்கும் பணமோ ஒரு பொய்ச் சாட்சியத்தின் விலை. "எனக்குத் தெரியும்" என்பதற்கு அவரே சாட்சி, அவரே நீதிபதி. எனக்கும் அன்று கார் ஓட்டத் தெரியும் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

உரிமம் உண்மையில் ஒரு சாட்சியம். 'இவருக்கு வண்டியைக் கட்டுப்படுத்தத் தெரியும். இவர் வரும் சாலையில் நீங்கள் அஞ்சாமல் நடக்கலாம்' என்று அரசு முன்பின் அறியாத மனிதருக்குச் சொல்லும் சொல் அது. பள்ளிக்கூட வாசலில் சாலையைக் கடக்கும் சிறுமி என் உரிமத்தை வாங்கிப் பார்க்கப் போவதில்லை. பார்க்காமலேயே அதை நம்புகிறாள். அந்த நம்பிக்கைக்குப் பொய்யானதைக் கொடுப்பது பிறருக்கு எதிராகப் பொய்ச் சான்று சொல்வதாகும். எட்டாம் கட்டளையை மீறுவதில் தொடங்கியது ஐந்தாம் கட்டளையை மீறுவதில் போய் முடியலாம். குடிபோதையாலோ வேக மோகத்தாலோ சாலையில் பிறர் உயிருக்கு ஆபத்து விளைவிப்பது கடுமையான குற்றம் என்று கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி 2290-ஆம் எண்ணில் போதிக்கிறது. 2007-ஆம் ஆண்டு ஜூன் மாதம் வத்திக்கான் வெளியிட்ட சாலைப் பயணம் பற்றிய மேய்ப்புப்பணி வழிகாட்டியில் ஓட்டுநருக்கான பத்துக் கட்டளைகள் இடம்பெற்றன. அங்கும் முதற்கட்டளை கொலை செய்யாதே என்பதுதான்.

பழைய ஏற்பாடு இதை இன்னும் நுட்பமாக அறிந்திருந்தது. புதிதாக வீடு கட்டுபவன் மாடியில் கைப்பிடிச் சுவர் எழுப்ப வேண்டும். இல்லையேல் யாரேனும் விழுந்து இறக்கும்போது இரத்தப்பழி அவ்வீட்டின்மேல் வரும் என்கிறது இணைச்சட்ட நூல் (22:8). முட்டும் பழக்கமுள்ள மாடு என்று எச்சரிக்கப்பட்டும் அதைக் கட்டிவைக்காத உரிமையாளன், அது ஒருவரைக் கொன்றால் தானும் கொலைப்பழிக்கு உள்ளாகிறான் என்கிறது விடுதலைப் பயண நூல் (21:29). இரண்டிடத்தும் கொல்லும் எண்ணம் யாருக்கும் இல்லை. முன்கூட்டியே செய்திருக்க வேண்டியதைச் செய்யாமையே பழியாகிறது. ஓட்டுநர் தேர்வும் அதற்கான பயிற்சியும் நம் காலத்துக் கைப்பிடிச் சுவர்கள்.

அச்சுவர் இல்லாத மாடிகள் நம் நாட்டில் எத்தனை? 2004-05இல் மரியான் பெர்ட்ரான்ட், செந்தில் முல்லைநாதன் முதலிய பொருளியல் அறிஞர்கள் தில்லியில் உரிமம் பெற முயன்ற 822 பேரைத் தொடர்ந்து ஆராய்ந்தார்கள். ஒரு குழுவினருக்கு, விரைவாக உரிமம் பெற்றால் வெகுமதி என்றார்கள். மற்றொரு குழுவினருக்கு இலவசமாகப் பயிற்சி அளித்தார்கள். மூன்றாம் குழுவினருக்கு ஒன்றும் தரவில்லை. வெகுமதிக் குழுவினர் தரகர் வழியே சென்று, ஓட்டத் தெரியாமலே உரிமம் பெறுவது மிகுந்திருந்தது என்று 2007-இல் வெளியான அவ்வாய்வு கூறுகிறது. மாத இறுதிக்குள் உரிமம் கேட்ட நிறுவனத்தை எண்ணிப் பார்க்கிறேன். அவசரத்துக்கு விலை வைப்பவர்கள் தங்களை அறியாமலே பொய்க்கும் விலை வைத்துவிடுகிறார்கள். 2022-ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் மாண்டனர் என்பது நடுவண் அரசின் கணக்கு. தமிழகத்தில் 17,884 பேர். நாளொன்றுக்கு ஏறத்தாழ 49 பேர். இவற்றில் எத்தனை சாவுகள் பயிற்சியின்மையால் நேர்ந்தவை என்பதை இந்த எண்கள் சொல்வதில்லை. சாலையில் ஒரு கணத் தடுமாற்றத்தின் விலை என்ன என்பதை அவை சொல்கின்றன.

தமிழறிந்த அன்பர் ஒருவர் இங்கே குறுக்கிடலாம். குற்றமற்ற நன்மை விளையுமானால் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்று வள்ளுவரே இடம் தந்திருக்கிறாரே, ஏழை இளைஞனின் பிழைப்பு அத்தகைய நன்மை இல்லையா என்று கேட்கலாம். வேலை நன்மைதான். ஆனால் 'குற்றமற்ற' என்னும் நிபந்தனையை வள்ளுவர் வீணாக வைக்கவில்லை. நன்மை ஒருவருக்கும் ஆபத்து பிறருக்கும் போகுமானால், அந்த ஆபத்துக்கு அவர்கள் இசைந்ததுமில்லையானால், அந்த நன்மை குற்றமற்றதாகாது.

சரி, நேர்மையாகத் தேர்வுக்குச் சென்றால் போதுமா? அங்கும் ஒரு வழுக்கல் உண்டு. தேறுவதற்கென்றே தயாராகிறவர்கள் இருக்கிறார்கள். இருசக்கர வாகனத்துக்கு 'எட்டு' போடுவதையே பத்து நாள் பழகி, திடலின் எந்தக் கல்லருகே திரும்ப வேண்டும் என்று மனப்பாடம் செய்துவிடுவார்கள். சாலையில் கல் இருக்காது. ஆடு குறுக்கே வரும். ஆயர் கேட்பார் என்பதற்காக மறைக்கல்விக் கேள்வி பதில்களை ஒப்பித்துவிட்டு, உறுதிப்பூசுதல் முடிந்ததும் கோவிலை மறக்கும் பிள்ளைகளை நாம் அறிவோம். புனித அக்குவினா தோமா முன்மதி என்னும் நற்பண்பின் கூறுகளாக எட்டை எண்ணுகிறார். நினைவு, பிறரிடம் கற்கும் பணிவு, வருவதை முன்கூட்டிக் காணுதல், சூழலை நோக்குதல், எச்சரிக்கை ஆகியவை அவற்றுள் அடங்கும். 13-ஆம் நூற்றாண்டில் எழுதிய அவர் மோட்டார் வண்டியைக் கண்டதில்லை. ஆயினும் நல்ல ஓட்டுநர் ஒருவர் பக்கத்தில் அமர்ந்து பாருங்கள். இவை ஐந்தும் அவருடைய கண்ணிலும் காலிலும் இருக்கும். பண்பு திரும்பத் திரும்பச் செய்வதால் அமைகிறது. தேர்வு நாள் அதைக் காட்டும் நாள் மட்டுமே.

எல்லாம் சொல்லி முடித்தபின் இளைஞர் கேட்டார்: "அப்ப நீங்க என்ன செய்யப் போறீங்க சாமி?"

நியாயமான கேள்வி. தவற்றுக்கு வருந்துவதோடு ஈடுசெய்யவும் வேண்டும் என்று சக்கேயுவின் கதையை வைத்து ஆண்டுதோறும் மறையுரை ஆற்றுகிறவன் நான். பொய்யாகப் பெற்ற சாட்சியத்துக்கு ஈடு என்ன? அத்தாள் சொன்னதை இன்றாவது மெய்யாக்குவதுதான். மறுநாள் விடியற்காலை இருவரும் பங்கின் காரை எடுத்துக்கொண்டு ஏரிக்கரை ஏற்றத்துக்குப் போனோம். விதிகளில் உள்ளபடி ஏற்றத்தின் நடுவே வண்டியை நிறுத்தினேன். அவர் பின்சக்கரத்திலிருந்து ஒரு சாண் தள்ளி ஒரு செங்கல்லை வைத்தார். நான் கிளப்பினேன், வண்டி உருண்டு செங்கல்லில் முட்டி நின்றது. இத்தனை ஆண்டுகள் ஓட்டியும், அன்று பக்கத்திலிருந்தவரின் கால் செய்ததை என் கால் கற்கவில்லை. ஒரு குழந்தை அங்கே நின்றிருந்தால் என்ற எண்ணம் வந்ததும் சற்றுநேரம் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி அமர்ந்துவிட்டேன். அதன்பின் இரண்டு வாரம் அங்கேயே பழகினோம். முன்னும் பின்னும் 'எல்' பலகை மாட்டி அவர் ஓட்டும்போது நான் பக்கத்தில் இருந்தேன். நான் ஓட்டும்போது அவர் செங்கல் வைத்தார்.

அவர் தரகரிடம் போகவில்லை. முதல் தேர்வில் பின்னோக்கிச் செலுத்துவதில் தவறினார். ஏழு நாட்கள் கழித்துத் தேறினார். அதற்குள் மாதம் முடிந்து அந்த வேலை வேறொருவருக்குப் போய்விட்டது. இதை மறைத்து எழுதினால் இக்கட்டுரையும் ஒரு பொய்ச் சாட்சியமாகிவிடும். சில மாதங்களுக்குப்பின் குறைந்த சம்பளத்தில் வேறொரு வண்டி கிடைத்தது. உண்மையின் விலையை ஏழைகளே அதிகமாகக் கொடுக்கிறார்கள். நான் பொய் சொன்னபோது எனக்கு எந்த இழப்பும் நேரவில்லை. அவர் உண்மையாக நடந்தபோது ஒரு வேலையை இழந்தார். மனச்சான்றின்படி நட என்று சொல்லும் குருவும் பங்குச் சமூகமும் அந்த விலையில் பங்கெடுக்காவிட்டால், நம் போதனை பிறர் தோளில் சுமையை ஏற்றிவிட்டு விரலாலும் தொடாதவர்களின் போதனையாகிவிடும்.

நவம்பர் மாதத்தில் இறந்த விசுவாசிகளின் பெயர்களைப் பீடத்தில் வாசிக்கிறோம். அம்மாதத்தின் மூன்றாம் ஞாயிறை, சாலை விபத்துகளில் மாண்டோரை நினைவுகூரும் நாளாக ஐக்கிய நாடுகள் அவை 2005-இல் ஏற்றுக்கொண்டது. இந்த ஆண்டு அப்பெயர்கள் வாசிக்கப்படும்போது, சட்டைப் பையில் உரிமம் வைத்திருக்கும் நாம் ஒவ்வொருவரும் அத்தாள் நம்மைக் குறித்துச் சொல்வது மெய்தானா என்று நம்மையே கேட்டுக்கொள்வோம். மெய்யில்லையென்றால் அருகில் எங்கேனும் ஓர் ஏற்றமும் ஒரு செங்கல்லும் இருக்கும்.