வலிக்காத கால்



போன வருஷம் தைப்பூசத்துக்கு நானும் அப்பாவும் பழனிக்கு பாதயாத்திரை போனோம். ஈச்சனாரி பிள்ளையாருக்குத் தேங்காய் உடைச்சுட்டு கிளம்பி, கிணத்துக்கடவு, பொள்ளாச்சி, உடுமலை, மடத்துக்குளம் வழியா ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் நடை. ரெண்டு பேரும் பச்சை வேட்டி, வெறுங்கால். ரெண்டாம் நாளே எனக்குப் பாதமெல்லாம் கொப்புளம். ஒவ்வொரு அடியும் பல்லைக் கடிச்சுக்கிட்டுதான் வெச்சேன். அப்பாவுக்கு 58 வயசு, 12 வருஷமா சுகர். அவரோ அரோகரா போட்டுக்கிட்டு எனக்கு முன்னால போய்க்கிட்டே இருந்தார்.

சண்முக நதியில் குளிக்கும்போதுதான் பார்த்தேன். அவர் வலது பாதத்தில், ரெண்டாவது விரலுக்குக் கீழே, ஒரு கண்ணாடித் துண்டு குத்தி நின்னுச்சு. சுத்தியும் ரத்தம் காய்ஞ்சு கருப்பா இருந்தது. எப்போ குத்துச்சுன்னே அவருக்குத் தெரியல.

"ஏனுங்கப்பா, வலிக்கலீங்களா?"

"இல்ல கண்ணு. முருகன் பாத்துக்கிட்டான்."

எனக்கு சிலிர்த்துப் போச்சு. அந்தப் பாதத்தை போட்டோ எடுத்து, "உண்மையான பக்தனுக்கு வலி தெரியாது"ன்னு எழுதி ஸ்டேட்டஸ் போட்டேன். சொந்தக்காரங்க குரூப்பில் எல்லாரும் கும்பிடு எமோஜியா போட்டாங்க. யாரோ அதை வேற குரூப்புக்கும் அனுப்பி, ஒரு வாரத்தில் எனக்கே ஃபார்வர்டா திரும்பி வந்தது.

பத்து நாள் கழிச்சு அப்பாவுக்குக் காய்ச்சல். பாதம் வீங்கி, வாடை அடிக்க ஆரம்பிச்சிருந்தது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனோம். ரெண்டாவது விரலை எடுக்க வேண்டியதாயிடுச்சு.

அங்கே டாக்டர் ஒரு சின்ன சோதனை செஞ்சார். அப்பாவைக் கண்ணை மூடச் சொல்லி, ஒரு நைலான் இழையைப் பாதத்தில் ஒவ்வொரு இடமா வெச்சு, அது வளையும் வரைக்கும் அழுத்தினார். 10 கிராம் அழுத்தம். "தெரியுதுங்களா?" "இல்லீங்க." "இங்கே?" "இல்லீங்க." அப்பா ஒவ்வொரு தடவையும் இல்லீங்கன்னு சொல்லச் சொல்ல, என் ஸ்டேட்டஸ்தான் எனக்கு ஞாபகம் வந்தது.

அன்னைக்கு ராத்திரி வார்டில் அப்பா கேட்டார்: "அப்ப முருகன் பாத்துக்கலயா கண்ணு?" எனக்குப் பதில் தெரியல. இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்காகத்தான்.

முதலில் உடம்புக்குள்ள என்ன நடந்ததுன்னு பார்ப்போம். கால் விரலில் இருந்து வலிச் செய்தியைக் கொண்டு போறது ஒரு நியூரான். அதோட உடல் பகுதி முதுகுத்தண்டு பக்கத்தில் இருக்கு, கண்ணுக்கே தெரியாத அளவு சின்னது. ஆனா அதிலிருந்து கிளம்புற இழை கால் நுனி வரைக்கும், ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளம் போகுது. சும்மா இருக்கும்போது அந்த இழையின் உள்பக்கம் வெளியை விட 70 மில்லிவோல்ட் அளவுக்குக் குறைவான மின்னழுத்தத்தில் இருக்கும். முள் குத்தினா அங்கே இருக்குற நுண்ணிய வாசல்கள் திறந்து, சோடியம் அயனிகள் உள்ளே பாயும். அந்த மாற்றம் பக்கத்து வாசலைத் திறக்கும், அது அடுத்ததைத் திறக்கும். இப்படியே செய்தி அலை மாதிரி மேலே ஏறும்.

இதில் ரெண்டு வகை இழை இருக்கு. மெல்லிய கொழுப்பு உறை போட்ட இழை வேகமா ஓடும். உறை இல்லாத இழை நொடிக்கு ஒரு மீட்டர் அளவில்தான் போகும். கட்டில் காலில் விரலை இடிச்சுக்கிட்டா, முதலில் சுரீர்னு ஒண்ணு, ஒரு நொடி கழிச்சு விண்ணுவிண்ணுன்னு இன்னொண்ணு வருதில்ல? அந்த ரெண்டு வகை இழையும் தனித்தனியா வந்து சேர்ற செய்திதான் அது. செய்தி மூளைக்குப் போய்ச் சேரும் முன்னாடியே, முதுகுத்தண்டுவடம் காலை இழுக்கச் சொல்லி உத்தரவு போட்டுடும்.

இவ்வளவு நீளமான இழைக்கு வேண்டிய புரதத்தில் பெரும்பகுதி முதுகுப் பக்கம் இருக்குற அந்தச் சின்ன உடலில்தான் தயாராகணும். அங்கிருந்து கால் நுனி வரைக்கும் இழைக்குள்ளேயே சுமந்து வரணும். பல வருஷம் ரத்தத்தில் சர்க்கரை ஏறியே இருந்தா இழையும் கெடுது, அதுக்கு ரத்தம் கொண்டு வர்ற நுண்குழாய்களும் கெடுது. முதலில் அடிபடுறது நீளமான இழைகள். அதனால்தான் உணர்ச்சி பாதத்தில் இருந்து போக ஆரம்பிக்குது. அப்பா மூணு நாலு வருஷமா "ராத்திரி பாதம் எரியுது"ன்னு சொல்லிக்கிட்டு இருந்தார். வீட்டில் எல்லாரும் சூடுன்னு விட்டுட்டோம். அப்புறம் எரிச்சல் நின்னு போச்சு. சரியாயிடுச்சுன்னு சந்தோஷப்பட்டோம். அந்த எரிச்சல், நரம்பு கெட்டுக்கிட்டே கொடுத்த எச்சரிக்கை.

வலி இல்லாததுதான் ஆபத்துன்னு உலகத்துக்குப் புரிய வெச்சவர்களில் ஒருத்தர், நம்ம பக்கத்துக் கொல்லிமலையில் 1914இல் பிறந்தவர். பால் பிராண்ட். மிஷனரி குடும்பத்துப் பிள்ளை. 1946இல் வேலூர் சி.எம்.சி.யில் அறுவை சிகிச்சை டாக்டராகச் சேர்ந்தார். தொழுநோயில் விரல்கள் தானா அழுகி விழுதுன்னு அந்தக் காலத்தில் நம்பினாங்க. அவர் கூர்ந்து பார்த்தப்ப, அந்த நோய் முக்கியமா நரம்பைக் கொல்லுது, விரல் போறதுக்குக் காரணம் பெரும்பாலும் உணராமல் படுற காயங்கள்னு தெரிஞ்சது. சூடான பாத்திரத்தைத் தொட்டாத் தெரியாது. ராத்திரி தூங்கும்போது எலி விரலைக் கடிச்சாலும் தெரியாது. அதுக்காக நோயாளிகளுக்குப் பூனை வளர்க்கக் கொடுத்தாங்க.

பின்னாடி அமெரிக்காவில் இருந்தப்ப அவர் செயற்கை வலி ஒண்ணை உருவாக்கப் பார்த்தார். கையுறையிலும் காலுறையிலும் சென்சார், அழுத்தம் கூடினா காதில் சத்தம். யாரும் கண்டுக்கல. ஷாக் வர்ற மாதிரி மாத்தினார். ஆபத்தான வேலை செய்யணும்னா, அதை ஆஃப் பண்ணிட்டுச் செஞ்சாங்க. கடைசியில் திட்டத்தையே கைவிட்டுட்டார். இதைப் படிச்சப்ப எனக்குச் சிரிப்பு வந்தது. ராத்திரி ரெண்டு மணிக்கு சர்வர் அலர்ட் வந்தா நானும் மியூட் பண்ணிட்டுத் தூங்கினவன்தான். மியூட் பண்ண முடியாத மாதிரி வலியை வெச்சவன் விஷயம் தெரிஞ்சவன்.

இப்போ உங்களில் சிலர் கேட்பீங்க: "அப்போ அலகு குத்திக்கிட்டு காவடி எடுக்கிறவங்களுக்கு வலிக்கலைன்னு சொல்றாங்களே, அதுவும் நோயா?" இல்லை. அது வேற. முதுகுத்தண்டுவடத்தில் வலிச் செய்திக்கு ஒரு கதவு மாதிரி அமைப்பு இருக்குன்னு 1965இல் மெல்சாக், வால் ரெண்டு பேரும் சொன்னாங்க. கவனம், நம்பிக்கை, மனநிலை இதையெல்லாம் பொறுத்து மூளையால் அந்தக் கதவைச் சாத்த முடியும். விரதம், பம்பைச் சத்தம், நாவில் அவன் பேரு, எல்லாம் சேரும்போது வலி பின்னால தள்ளிப் போகலாம். அங்கே நரம்பு உயிரோட இருக்கு, செய்தி கிளம்புது, ஆள் அதைத் தாங்குறார். என் அப்பாவுக்குச் செய்தியே கிளம்பல. வெளியில் இருந்து பார்க்க ரெண்டும் ஒரே மாதிரி இருக்கும். போட்டோவில் வித்தியாசம் தெரியாது. நான் ஏமாந்தது அங்கேதான்.

அப்பா கேள்விக்கு வர்றேன். நாம என்ன செய்றோம்? வலிக்கலைன்னா அருள், வலிச்சா பக்தி பத்தலைன்னு நாமளே ஒரு கணக்குப் போடுறோம். அந்தக் கணக்கில் கொப்புளத்தோட நடந்த நான் குறைஞ்ச பக்தன், நரம்பு செத்த கால் பெரிய பக்தி. இது முருகன் போட்ட கணக்கு இல்ல.

இடும்பனை நினைச்சுப் பாருங்க. முதல் காவடி அவருடையது. அகத்தியருக்காக ரெண்டு மலையைத் தோளில் சுமந்து வந்தவர், களைச்சுப் போய்தான் திருவாவினன்குடியில் இறக்கி வெச்சார். அவருக்குப் பாரம் தெரிஞ்சது. தெரிஞ்சதால் இறக்கினார். இறக்கின இடம்தான் பழனி மலை. களைப்பே தெரியாம நடந்து போயிருந்தா நமக்கு அந்த மலை ஏது? இறக்கி வெச்சவரை முருகன் ஒதுக்கல. படிப் பாதையிலேயே சன்னதி கொடுத்து, தனக்கு முன்னாடி கும்பிட வெச்சிருக்கார்.

முருகன் பாத்துக்கலயான்னு அப்பா கேட்டதுக்கு இப்போ நான் சொல்றது: பாத்துக்கத்தான் நரம்பைக் கொடுத்தான். அது எரிஞ்சு எரிஞ்சு சொன்னப்ப கேட்காதது நாமதான்.

இந்த வருஷம் நாங்க பஸ்ஸில் போனோம். அப்பாவுக்கு எம்.சி.ஆர். செருப்பு. மலைக்கு வின்ச்சில் ஏறினோம். வரிசையில் நிக்கும்போது அவர் முகம் வாடியிருந்தது. "வின்ச்சில் போறதெல்லாம் ஒரு வேண்டுதலா"ன்னார். இடும்பன் கதையைச் சொன்னேன். ஒண்ணும் பேசல. ஆனா சன்னதியில் ரொம்ப நேரம் கண்ணை மூடி நின்னார்.

தினமும் ராத்திரி தூங்கும் முன்னாடி அவர் பாதத்தைக் கழுவித் துடைச்சு, விரல் இடுக்கு வரைக்கும் டார்ச் அடிச்சுப் பார்க்கிறேன். அவர் கூச்சப்படுவார். "விடு கண்ணு"ம்பார். விடுறதில்லை.

அடுத்த தைப்பூசத்துக்கு நடக்கப் போறவங்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்க கூட சுகர் இருக்குறவங்க வந்தா, முதலில் டாக்டர்கிட்ட பாதத்தைக் காட்டுங்க. செருப்பு போடச் சொன்னா போட வைங்க. ஒவ்வொரு ராத்திரியும் பாதத்தை நீங்களே பாருங்க, "வலிக்கல"ன்னு அவங்க சொன்னாலும். அந்தப் பழைய ஃபார்வர்டு உங்களுக்கு வந்தா, அதை நிறுத்திட்டு இதை அனுப்புங்க. அதை எழுதினவன் நான்தான்.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!