இருபத்திரண்டாம் தேதி வந்தவர்

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஜூலை 24 விடுமுறை. முன்னோடிகள் தினம். சால்ட் லேக் சிட்டியில் பெரிய ஊர்வலம் போகும். 1847-ல் பிரிகம் யங் தலைமையில் மார்மன்கள் அந்தப் பள்ளத்தாக்குக்கு வந்துசேர்ந்த நாள்.

சரியாகச் சொன்னால், அன்றைக்கு வந்தவர் தலைவர்தான். உடம்பு முடியாமல் வண்டியில் படுத்தபடி வந்தார். பாதையைச் சீராக்கிக்கொண்டு முன்னால் போனவர்கள் 22-ஆம் தேதியே உள்ளே நுழைந்துவிட்டார்கள். அவர்களில் ஒருவர் கிரீன் ஃப்ளேக். கறுப்பர், அடிமை. (எங்கள் மென்பொருள் தொழிலிலும் மேலாளர் பொத்தானை அமுக்குகிற நாள்தான் வெளியீட்டு நாள்!)

நகரின் நடுவே எழுப்பிய யங் நினைவுச்சின்னத்தில் கிரீன் ஃப்ளேக்கின் பெயரையும் பொறித்தார்கள், 'கறுப்பு வேலைக்காரர்' என்ற வகையில். பெயரை மறைக்கவில்லை, அடிமை என்ற சொல்லைத்தான் மறைத்தார்கள். 2022-ல் அவருக்குச் சிலையே வைத்துவிட்டார்கள். சந்தோஷம்தான். ஆனாலும் எனக்கு ஒரு உறுத்தல். முன்னோடி என்றால் தானே துணிந்து முன்னால் போனவர் இல்லையா? போ என்று அனுப்பப்பட்டவருக்கு அந்தப் பட்டத்தைக் கொடுப்பது மரியாதையா, இன்னொரு மூடிமறைப்பா?

மூடிமறைப்பு என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். அப்புறம் தெரிந்தது, 1897-ல் நடந்த பொன்விழாவுக்கு, உயிரோடிருந்த முன்னோடிகளில் ஒருவராக அவரும் போயிருந்தார். விடுதலையான மனிதராக, தன் காலால் நடந்து. அவர் போய் வாங்கிக்கொண்ட பட்டத்தைப் பிடுங்க நான் யாரு?