மரத்துக்குள் யார்?

காடு விழுங்கிய சிநேகிதியை எப்படியோ மரத்தைப் பிளந்து வெளியே இழுத்து வந்துவிட்டீர்கள். ஆனால் அவளுக்குள் இப்போது காட்டின் விஷம். “கொன்றுவிடு, அதுதான் அவளுக்கும் நல்லது” என்கிறார் எல்லாம் தெரிந்த மந்திரவாதி. என்ன செய்வீர்கள்?

நவோமி நோவிக்கின் ‘அப்ரூட்டட்’ (2015) நாவலில் அக்னியெஷ்கா என்ற கிராமத்துப் பெண் இந்த இடத்தில் வந்து நிற்கிறாள். கோபுரம், இளவரசன், போர் என்று ஓடும் சாகசக் கதைதான். முதல் வாசிப்பில் நானும் பக்கங்களைப் புரட்டிக்கொண்டே ஓடினேன். இரண்டாம் முறை காஷாவை மீட்கும் இடத்தில் நின்றுவிட்டேன். அவளைச் சுத்தப்படுத்துவது உண்மையைக் காட்டும் ஒரு மந்திரம். அதற்கு இரண்டு தோழிகளும் ஒருவர் மேல் ஒருவர் ஒளித்து வைத்திருந்த பொறாமையையும் வெறுப்பையும் கண்ணால் பார்த்தாக வேண்டும். சும்மா கட்டிப்பிடித்து அழுதால் போதாது.

அந்த மரங்கள் எங்கிருந்து வந்தன என்பது கடைசியில்தான் தெரிகிறது. காட்டின் ராணி ஒரு காலத்தில் மனிதர்களின் அரசனை மணந்து வந்தவள். அவன் இறந்ததும் அவன் ஜனங்கள் அவளைக் கல்லறைக்குள் அடைத்துவிடுகிறார்கள். அவளுடைய மக்களோ தப்பிக்க வழியில்லாமல் மரங்களாக மாறுகிறார்கள். மரமான பிறகும் கோடரி விடவில்லை. வெளியே வந்த ராணி பழிவாங்கத் தொடங்கி, மனிதர்களை உயிரோடு மரங்களுக்குள் வைக்கிறாள். அவர்களுடைய வேதனையில்தான் காடு வளர்கிறது.

“பாவம்டா அவ” என்றான் நண்பன். பாவம்தான். ஆனால் கோடரி தூக்கியவர்கள் என்றைக்கோ செத்துப்போனார்கள். இப்போது மாட்டுவது ஆடு மேய்ப்பவனும் விறகு பொறுக்குபவளும். அவள் பட்டதற்காக இவர்கள் ஏன் சாக வேண்டும்? காரணம் புரிந்துவிட்டதாலேயே குற்றம் குறைந்துவிடும் என்று எனக்குத் தோன்றவில்லை. அதே சமயம் காட்டை எரிப்பவர்களும் ராணியைப் போலத்தான். அவளுக்கு எல்லா மனிதரும் கோடரி. இவர்களுக்கு எல்லா மரமும் எதிரி. உள்ளே யார் என்று இரண்டு பக்கமும் கேட்பதில்லை.

இந்த நாட்டில் இருந்துகொண்டு இதைப் படித்தால் பால்மரம் ஞாபகத்துக்கு வராமல் இருக்குமா? 1876-இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 விதைகளை லண்டனுக்குக் கொண்டு போனார். அடுத்த வருஷம் 22 நாற்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. பிறகு அந்த மரங்களுக்காகக் காட்டை அழித்தார்கள். கப்பல் கப்பலாக நம் ஆட்களைக் கொண்டு வந்தார்கள். “ஒவ்வொரு மரத்துக்குக் கீழயும் ஒரு ஆளு இருக்கான்யா” என்பாள் பாட்டி. சின்ன வயதில் அதை நான் பேய்க்கதையாகத்தான் கேட்டேன். ஆனால் அதே மரம்தான் அப்பாவின் பள்ளிச் செலவைக் கொடுத்தது. நம் பேச்சில் ‘மரம் வெட்டப் போறேன்’ என்றால் மரத்தைச் சாய்க்கப் போவதில்லை, பால் எடுக்கப் போவது. திரும்பத் திரும்பக் கீற வேண்டும், ஆனால் சாக விடக்கூடாது. மரத்துக்கு மட்டுமா அந்தக் கணக்கு?

பாட்டியின் எஸ்டேட்டில் எல்லா மரங்களையும் சாய்த்துச் செம்பனை நட்டாயிற்று. கெட்டது தொலைந்தது என்று ஒரு காலத்தில் நான் சந்தோஷப்பட்டதுண்டு. இப்போது அந்தச் சந்தோஷம் வரவில்லை.

நாவலின் முடிவில் அக்னியெஷ்கா காட்டுக்குள்ளேயே போய்த் தங்கிவிடுகிறாள். மரம் மரமாகப் போய்ப் பார்க்கிறாள். ஆற்ற முடிந்ததை ஆற்றுகிறாள், முடியாததை மட்டும் எரிக்கிறாள். மெதுவான, அலுப்பான வேலை. அவளுக்கு மந்திரம் தெரியும், உள்ளே இருப்பவரின் குரல் கேட்கும். அந்த வசதி நமக்கு இல்லையே என்பதுதான் எனக்கு அந்த முடிவின் மேல் இருக்கும் ஒரே மனத்தாங்கல்.

போன தீபாவளிக்குப் பாட்டியைக் காரில் அந்தப் பக்கம் அழைத்துப் போனேன். ரெண்டு பக்கமும் செம்பனை. கண்ணாடியை இறக்கச் சொன்னவள், வெளியே விரலை நீட்டி எண்ண ஆரம்பித்தாள். “இது என் நெரை. அது முனியம்மாவோடது. அதுக்கு அங்கிட்டு...” பெயர் வரவில்லை. வண்டியை ஓரமாக நிறுத்தினேன்.