தற்காப்பும் அயலாரும்

ஒளியின்றிப் பெரும்பாலான உயிர்கள் வாழ இயலாது. ஒளி அளவு கடந்தாலோ அதுவே உயிர்க்குப் பகையாகிறது. தாம்பரத்திற்குத் தென்கிழக்கே, கேளம்பாக்கத்து உப்பளங்களைப் போன்ற உவர்நீர்ப் பாத்திகளில் வாழக்கூடியது துனாலியெல்லா என்னும் நுண்பாசி. இயல்பில் பச்சையான அது, வெயிலும் உப்பும் கடுமையானால் பீட்டா கரோட்டினைத் திரட்டிச் செம்மஞ்சளாகிறது. கேரட்டுக்கு நிறம் தரும் அதே பொருள், இங்கே மிகையான ஒளியைத் தடுத்துப் பச்சையத்தைக் காக்கும் திரையாகிறது.

அதன் உறவாகிய பனிப்பாசி, துருவப் பகுதிகளிலும் உயர்மலைகளிலும் வாழ்வது. மேலிருந்து விழும் வெயில் போதாதென்று, சுற்றிலுமுள்ள வெண்பனியும் ஒளியை அதன்மீது திருப்புகிறது. அதுவும் அஸ்டாசாந்தின் என்னும் சிவப்பு நிறமியால் தன்னைப் போர்த்திக்கொள்கிறது. 1818ஆம் ஆண்டில் கிரீன்லாந்துக் கரையில் ஜான் ராஸ் என்னும் கடற்பயணி கண்டு வியந்த செம்பனி இதுவே.

ஆயினும் இத்திரைக்கு ஒரு விலையுண்டு. வெண்பனி வெயிலைத் திருப்பியனுப்பும். சிவந்த பனியோ அதனை உள்வாங்கி விரைந்து உருகும். உருகும் பருவத்தில் ஆர்க்டிக் பனியின் ஒளி திருப்பும் திறன் இப்பாசியால் 13 விழுக்காடு வரை குறையலாம் என 2016இல் வெளியான ஆய்வொன்று கணித்தது. தன்னைக் காக்கும் பாசி, தன்னைத் தாங்கும் பனியையே கரைக்கிறது. அஃது அறியாது செய்வது. எனவே அதற்குக் குற்றமில்லை.

அறிந்து செய்யும் நம் நிலை என்ன? 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியதை நாம் மறக்கவில்லை. மீண்டும் நீர் புகாதிருக்க மனையை மண்ணிட்டு உயர்த்துகிறோம். குழந்தைகளையும் முதியோரையும் காப்பது கடமையே. ஆனால் நம் மனையில் நிற்க இடமற்ற நீர், உயர்த்தப் பொருளில்லாத அடுத்த வீட்டின் தாழ்ந்த வாசலைத் தேடிச் செல்கிறது. கோடையிலும் அப்படியே: நம் அறையைக் குளிர்விக்கும் ஏ.சி., அவ்வெப்பத்தைத் தெருவில் கொட்டுகிறது. சன்னலைத் திறந்து காற்றுக்குக் காத்திருப்போர் அதனைச் சுமக்கின்றனர்.

தன்னைக் காத்துக்கொள்ளும் உரிமை எவ்வுயிர்க்கும் உண்டு. அக்காப்பின் விலையைச் செலுத்துவது யார் என்று கேட்கும் ஆற்றல் மனிதருக்கே அருளப்பட்டுள்ளது. கேட்டறிந்தபின் பொறுப்பிலிருந்து விலக முடியுமா? மனையை உயர்த்தும் நாம், நீர் வழிந்தோட அதில் ஓரடி நிலம் விடலாம். தெருவாருடன் சேர்ந்து வடிகாலைத் தூர் வாரச் செய்யலாம். பெருமழை இரவில் நம் மாடியை அயலாருக்குத் திறந்து வைக்கலாம். இவற்றால் நமக்குச் செலவு கூடும். வசதி சற்றுக் குறையும். இதனை நாம் செய்யும் தருமம் என்று எண்ணிப் பெருமைகொள்ள இடமில்லை. நம் பாதுகாப்பின் விலையை இதுவரை அயலார் செலுத்திவந்தனர். அதில் நமக்குரிய பங்கை இனி நாமே செலுத்துகிறோம்.